காதுக்கு ஒரு கதவு

வேலையின்போது கவனத்தைக் கலைக்கும் சத்தங்கள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி, ஏ.சி.யின் உறுமல், பேருந்து என்ஜின் ஆகியவை விடாமல் ஒரே சீராக ஒலிக்கும் கனத்த ஓசைகள். குக்கர் விசில், ஆட்டோ ஹாரன், பக்கத்துக் கட்டடத்தில் சுவரைத் துளைக்கும் டிரில் ஆகியவை திடீரென்று எழுந்து அடங்கும் கூர்மையான ஓசைகள். மூன்றாவது இனம் மனிதப் பேச்சு. அடுத்த மேசைக்காரரின் செல்போன் உரையாடலும் கூடத்தில் ஓடும் டி.வி. சீரியலும் இதில் அடங்கும். ஹெட்ஃபோன் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. நிறையச் செலவழித்து வாங்கி மாட்டிக்கொண்ட பிறகு, ஏ.சி.யின் சத்தம் போய்விட்டது, பக்கத்து இருக்கைப் பேச்சு மட்டும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று ஏமாந்து போகிறார்கள். கருவியில் பழுது எதுவும் இல்லை. எந்தச் சத்தத்துக்காக அது உருவானதோ அதைச் சரியாகத்தான் தடுத்திருக்கிறது.

இந்த மூன்றில் வேலையை அதிகம் கெடுப்பது பேச்சு. சத்தம் எவ்வளவு பெரிது என்பதைவிட அது எப்படி மாறிக்கொண்டே இருக்கிறது என்பதே நினைவாற்றலைப் பாதிக்கிறது. 1976-இல் கோல், வெல்ஷ் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. கண்ணுக்கு முன் வரிசையாகத் தோன்றும் எழுத்துகளை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது அதில் பங்கேற்றவர்களின் வேலை. அந்த நேரத்தில் பின்னணியில் ஒருவர் ஜெர்மன் மொழியில் படிக்கும் குரல் ஒலித்தது. கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது; அந்தக் குரலைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் பிழைகள் கூடின. அர்த்தம் புரியாத பேச்சுகூட மனத்துக்குள் புகுந்து வரிசையைக் குலைக்கிறது என்றால், தாய்மொழியில் நடக்கும் பேச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2010-இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இருவர் பேசிக்கொள்வதை முழுதாகக் கேட்பதைவிட, செல்போனில் ஒருவர் பேசும் பாதிப் பேச்சைக் கேட்பது கவனத்தை அதிகம் சிதைக்கிறது. மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பது கேட்காததால், அடுத்து என்ன வரும் என்று மனம் கணித்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் போனில் பேசும்போது எரிச்சல் வருவது பொறுமையின்மை அல்ல, மூளையின் இயல்பு.

சத்தத்தைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது மிகப் பழையது: காதை அடைத்துவிடுவது. காதைச் சுற்றிக் கவியும் குஷன், காதுத் துளைக்குள் நுழையும் ரப்பர் முனை, மஞ்சள் நுரைச் செருகி எல்லாம் இந்த வகை. இதற்கு பேட்டரி வேண்டாம், சிப் வேண்டாம். அடைப்பு கூர்மையான ஓசைகளை நன்றாகத் தடுக்கும்; கனத்த ஓசைகளிடம் தோற்கும். தெருக்கோடியில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியிருக்கும் நாளில் இதை எவரும் கவனித்திருக்கலாம். சன்னலைச் சாத்தினால் பாட்டின் சொற்கள் மங்கிவிடும். தாளத்தின் தும் தும் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும். அதிர்வெண் குறைந்த ஓசையின் அலை நீளமானது. 100 ஹெர்ட்ஸ் ஓசையின் ஓர் அலை ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளம். அதை மறிக்கக் கனமான தடை வேண்டும், இரண்டு செ.மீ. பஞ்சும் பிளாஸ்டிக்கும் போதாது.

இரண்டாவது வழி, அந்தக் கனத்த ஓசையை எதிர் ஓசையால் அழிப்பது. ஓசை என்பது காற்றழுத்தம் கூடுவதும் குறைவதும்தான். அழுத்தம் கூடும் கணத்தில் அதே அளவு குறைக்கும் இன்னோர் அலையைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஜெர்மானியரான பால் லூக் இந்தக் கருத்துக்கு 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கருத்தைக் கருவியாக்கும் மின்னணுவியல் அப்போது இல்லை. அது கைகூடப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1978-இல் எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அவர். விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் என்ஜின் இரைச்சல் இசையை மூழ்கடித்தது. இறங்குவதற்குள் அதை நீக்கும் கணக்கின் அடிப்படையைத் தாளில் போட்டுவிட்டார். 1986-இல் எங்கும் இறங்காமல், எரிபொருளும் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் இரு விமானிகளும் அவருடைய நிறுவனம் செய்த மாதிரிக் கருவிகளை அணிந்திருந்தார்கள். 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. பொதுமக்கள் வாங்கக்கூடிய போஸ் ஹெட்ஃபோன் 2000-இல் வந்தது. இந்தக் கருவி விமான என்ஜினோடு போராடப் பிறந்தது என்பதை நினைவில் வைத்தால் அதன் பலமும் பலவீனமும் எளிதில் விளங்கும்.

ஏ.என்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முறையில், காதை மூடும் கப்பின் வெளிப்புறத்தில் உள்ள மைக் வரும் ஓசையை முன்கூட்டியே பிடிக்கிறது. உட்புற மைக், காதருகே என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறது. இரண்டும் இருந்தால் ஹைபிரிட் என்பார்கள். ஒன்று மட்டும் உள்ளதைவிட இது பொதுவாக நன்றாக வேலை செய்யும். மைக் பிடித்ததை சிப் கணக்கிட்டு, ஸ்பீக்கர் எதிர் அலையை எழுப்ப வேண்டும். இதில் துளி நேரத் தாமதமும் குற்றம். 1,000 ஹெர்ட்ஸ் ஓசை நொடிக்கு ஆயிரம் முறை அதிர்வது. எதிர் அலை அரை மில்லி நொடி பிந்தினால் போதும், அழிக்க வேண்டிய அலையோடு சேர்ந்துகொண்டு சத்தத்தைக் கூட்டிவிடும். அதே அரை மில்லி நொடி 100 ஹெர்ட்ஸ் ஓசையில் சிறு பிசகு மட்டுமே. ஓசை கூர்மையாகும்போது அலையும் குட்டையாகிறது. 4,000 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் எட்டரை செ.மீ.; காது மடலைவிடச் சற்றே பெரியது. கப் கொஞ்சம் நகர்ந்தாலும் கணக்கு தப்பும். அதனால் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏ.என்.சி. திறமையாக இயங்குகிறது, அதற்கு மேலே போகப்போக ஓய்ந்துவிடுகிறது. அங்கே குஷனும் ரப்பரும்தான் காவல்.

மனிதக் குரல் இந்த எல்லையின் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறது. குரலின் அடிநாதம் 100, 200 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். சொல்லை அடையாளம் காட்டும் மெய்யொலிகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 வரை பரந்திருக்கின்றன. ஏ.என்.சி. போட்டதும் குரலின் கனம் இறங்குகிறது. ச-வின் சீறலும் க, ட, த, ப-வின் வெடிப்பும் தங்கிவிடுகின்றன. சொல்லைச் சொல்லாக்குவது அவைதான். அதோடு, பேச்சை ஓரளவு மூடி வைத்திருந்த ஏ.சி.யின் இரைச்சலும் நீங்கிவிடுவதால் மிச்சப் பேச்சு துலக்கமாக முன்னே வருகிறது. பேச்சு முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்ற குறைக்கு விடை இதுதான்.

பேச்சை வெல்ல இரண்டு வேலைகள் சேர வேண்டும். முதலில் காதை இறுக்கமாக அடைக்க வேண்டும். பிறகு, மீந்து வரும் முணுமுணுப்பை மென்மையான, மாறாத ஓர் ஓசையால் மூட வேண்டும். மழைச் சத்தமும் அருவிச் சத்தமும் இதற்கு ஏற்றவை. எல்லா அதிர்வெண்ணும் சம அளவில் கலந்த இரைச்சலை வெள்ளை இரைச்சல் என்பார்கள். அது சீறும், நீண்ட நேரம் கேட்டால் உறுத்தும். கீழ்ப்பக்கம் கனம் கூடிய இளஞ்சிவப்பு இரைச்சலும், இன்னும் கனத்த பிரவுன் இரைச்சலும் காதுக்கு இதமானவை. பிரவுன் என்பது இங்கே நிறம் அல்ல, பிரவுன் இயக்கத்தைக் கண்ட ராபர்ட் பிரவுனின் பெயர். பிரவுன் இரைச்சல் என்ஜின் உறுமலை மூடும். பேச்சை மூட இளஞ்சிவப்பு இரைச்சலே பொருத்தம், மெய்யொலிகள் உள்ள உயரத்தில் அதற்குப் பலம் அதிகம். அடைப்பு சரியாக இருந்தால் இந்த ஒலியை மிகக் குறைவாக வைத்தாலே போதும். பாடல்கள் வேறு. வரிகள் உள்ள பாட்டு எவ்வளவு பிடித்ததானாலும் அதுவும் பேச்சுதான். படிக்கும்போதும் எழுதும்போதும் சொல்லோடு சொல் மோதும். கருவியிசை பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனால் ராகம் தெரிந்தவருக்கு ஓர் ஆலாபனையே மனத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். அவருக்கு மழைதான் நல்லது.

இனி, எந்த உருவம் என்ற கேள்வி. காதை முழுதாகச் சுற்றிக் கவியும் ஓவர்-இயர் வகையில் குஷன் தலையோடு ஒட்டி நிற்கிறது. காதின் மேலேயே அமரும் ஆன்-இயர் வகை சிறியது, எடை குறைந்தது. ஆனால் காது மடலின் மேடுபள்ளங்களால் இடுக்கு விடும், மடலையும் அழுத்தும். நெடுநேர வேலைக்கு அது ஏற்றதல்ல. காதுத் துளைக்குள் நுழையும் இன்-இயர் வகை, சரியாகப் பொருந்தினால், கூர்மையான ஓசைகளைத் தடுப்பதில் ஓவர்-இயருக்கு ஈடு கொடுக்கும், சில சமயம் மிஞ்சும். காதின் வாயிலில் தொங்கிக்கொண்டு நிற்கும் ரப்பர் முனையில்லாத இயர்பட் எதையும் பெரிதாக அடைக்காது. இசை ரசிகர்கள் விரும்பும், முதுகுப்பக்கம் வலைபோல் திறந்த ஓப்பன்-பேக் ஹெட்ஃபோனும், கன்ன எலும்பில் அதிர்வைத் தரும் எலும்புவழி ஹெட்ஃபோனும் வெளிச் சத்தம் கேட்க வேண்டும் என்றே செய்யப்பட்டவை. இசைக்காகப் புகழ்பெற்ற ஓப்பன்-பேக் ஒன்றை அலுவலகத்துக்கு வாங்குவது பெருந்தவறு.

உருவத்தைவிட முக்கியம் பொருத்தம். இன்-இயர் வாங்கினால் பெட்டியில் வரும் மூன்று நான்கு அளவு முனைகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. அடைப்பு சரியாக விழுந்தால் சொந்தக் குரல் தலைக்குள் குடத்தில் பேசுவதுபோல் கேட்கும், பாட்டின் கனத்த ஓசை திடீரென்று கூடும். அந்த மாற்றம் தெரியாவிட்டால் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். சிலிக்கோன் முனையில் நிற்காத காதுகளுக்கு நுரை முனை நன்றாக நிற்கும். சில மாதங்களில் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஓவர்-இயரில் பொருத்தத்தைக் கெடுப்பவை மூக்குக் கண்ணாடியின் தடித்த காம்பு, அடர்ந்த முடி, ஜிமிக்கி. காம்பு குஷனைத் தூக்கி நிறுத்தும் சிறு இடுக்கு வழியாகக் கனத்த ஓசை தாராளமாக உள்ளே வரும்; ஏ.என்.சி.யின் கணக்கும் அதனால் குலையும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடும், தினமும் ஜிமிக்கி போடுபவர் ஜிமிக்கியோடும் கடையில் மாட்டிப் பார்ப்பதே சரி.

சூடும் வியர்வையும் விளம்பரங்கள் பேசாத விஷயம். குளிர்நாட்டு விமர்சனங்களில் மிக வசதியானது என்று பாராட்டப்பட்ட ஓவர்-இயர் ஒன்று, சென்னையின் மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையில் அரை மணி நேரம் தாங்காது. செயற்கைத் தோல் குஷன் இந்தப் புழுக்கத்தில் உரிந்து கறுப்புச் செதில்களாக உதிரும். துணி குஷன் காற்றோட்டம் தரும், ஆனால் சத்தத்தையும் கசியவிடும். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து வேலை செய்வோருக்கு இன்னொரு தொல்லை: வெளி மைக்கில் காற்று அடித்து, அதையே ஒரு புது இரைச்சலாகச் சில கருவிகள் காதுக்குள் அனுப்பும். இத்தகைய அறைகளில் இன்-இயர்தான் நடைமுறைக்கு ஏற்றது.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைப் படிப்பதற்கு டெசிபலின் கணக்கு தெரிய வேண்டும். ஒவ்வொரு 10 டெசிபல் குறையும்போதும் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது. காதுக்கு ஏறத்தாழப் பாதிச் சத்தமாகத் தோன்றுகிறது. 2000-ஆம் ஆண்டின் இந்திய ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. 75 டெசிபல் இரைச்சலில் இருப்பவருக்கு 20 டெசிபல் குறைந்தால் அந்தப் பகல் வரம்புக்கு வந்துவிடலாம். காதுக்கு அது கால் பங்குச் சத்தம். முழு மௌனம் எந்த விலைக்கும் கிடைக்காது. காதை எவ்வளவு அடைத்தாலும் மண்டையோட்டு எலும்பு வழியாகக் கொஞ்சம் ஓசை உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். 50 டெசிபல் வரை என்று அச்சிட்டிருந்தால், ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த உச்ச அளவு அது. வரை என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஈ.என்.சி. என்ற மூன்றெழுத்தால் வருகிறது. மலிவு விலை இயர்பட்களின் பெட்டியில் நாய்ஸ் கேன்சலேஷன் என்று பெரிதாகவும் ஈ.என்.சி. என்று சிறிதாகவும் போட்டிருப்பார்கள். போனில் பேசும்போது சுற்றுச் சத்தத்தை வடிகட்டி மறுமுனைக்குத் தெளிவாக அனுப்புவது அதன் வேலை. அணிந்திருப்பவரின் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஏ.என்.சி. என்ற எழுத்துகள் தனியாக இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். பகலெல்லாம் மீட்டிங்கில் பேசும் வேலை என்றால் மைக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். ப்ளூடூத்தில் மைக் இயங்கத் தொடங்கியதும் பல கருவிகளில் கேட்கும் ஒலியின் தரம் பழைய தொலைபேசிபோல் இறங்கிவிடும். வாயருகே நீளும் மைக் உள்ள, யு.எஸ்.பி. கம்பி ஹெட்செட் இந்த வேலைக்கு இன்றும் நம்பகமானது.

கடையில் செய்து பார்க்கக்கூடிய சோதனை எளிது. கருவியை இயக்காமல் மாட்டிக்கொண்டு, உடன் வந்தவரைச் சாதாரணக் குரலில் செய்தித்தாளைப் படிக்கச் சொல்ல வேண்டும். சொற்கள் எவ்வளவு மங்குகின்றன என்பது அடைப்பின் அளவு. பிறகு ஏ.என்.சி.யைப் போட்டால் கடையின் ஏ.சி. இரைச்சலில் வரும் மாற்றம் மின்னணுவின் அளவு. முதல் சோதனையில் தோற்ற கருவியை, இரண்டாவதில் எவ்வளவு அசத்தினாலும், பேச்சு நிறைந்த அலுவலகத்துக்கு வாங்க வேண்டாம். ஏ.என்.சி. போட்டதும் சிலருக்கு விமானம் இறங்கும்போது போலக் காதில் அழுத்தம் தோன்றும். உண்மையில் காற்றழுத்தம் எதுவும் மாறுவதில்லை. ஆனாலும் தலைவலி வருகிறவர்கள் உண்டு. பத்து நிமிடமாவது அணிந்திருந்து பார்த்தால்தான் அது தெரியும்.

பணம் குறைவாக இருந்தால் வழி இல்லாமல் போவதில்லை. நுரைச் செருகி ஒரு சினிமா டிக்கெட்டின் விலைக்கும் கீழே கிடைக்கும். அமெரிக்கத் தரக் குறியீட்டில் அவற்றில் சிறந்தவை 33 டெசிபல் பெறுகின்றன. சரியாகப் போடாததால்தான் பலருக்கு அவை பயன்படுவதில்லை. விரலால் உருட்டி மெல்லிய திரிபோல் ஆக்கி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, நுரை விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் இயர்மஃபும் நல்ல தடுப்பு. பாட்டு வராது, பிடி இறுக்கமாக இருக்கும், ஆனால் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு இதுவும் மலிவான உதவிதான். செருகியும் மஃபும் சேர்த்துப் போட்டால் இரண்டின் எண்களும் கூடிவிடாது. பெரிய எண்ணோடு ஐந்து டெசிபல் அளவே சேரும்.

காதின் நலனும் இதில் அடங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்று பாதுகாப்பு அளவு வகுத்திருக்கிறது. மூன்று டெசிபல் கூடினால் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். அடைக்காத இயர்ஃபோனைப் போட்டுக்கொண்டு பேருந்தில் பாட்டு கேட்பவர் இரைச்சலைத் தாண்டுவதற்காகத் தம்மை அறியாமல் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். நன்றாக அடைக்கும் கருவி அந்தத் தேவையை நீக்கிவிடுகிறது. எண்ணெய்க் குளியல் முடிந்து ஈரம் உலராத காதில் இன்-இயரைச் செருகக் கூடாது. வெளிக்காது ஈரமாக மூடிக் கிடந்தால் தொற்று வரும். குரும்பி அதிகம் சேர்பவருக்கு இன்-இயர் அதை உள்ளே தள்ளிவிடும் என்பதால் ஓவர்-இயர் மேல். கைக்குழந்தையோ படுக்கையில் முதியவரோ உள்ள வீட்டில், வெளி ஓசையை மைக் வழியாக உள்ளே விடும் டிரான்ஸ்பரன்சி வசதி உள்ளதை வாங்கலாம், அல்லது ஒரு காதைத் திறந்து வைக்கலாம். சாலையைக் கடக்கும்போது எந்த ஏ.என்.சி.யும் கூடாது.

வாங்கும்போதே உதிரிகளைப் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. கம்பியில்லா இயர்பட்களில் பெரும்பாலும் பேட்டரியை மாற்ற முடியாது. சில ஆண்டுகளில் சார்ஜ் நிற்காமல் போகும். ஓவர்-இயரில் முதலில் தேய்வது குஷன். அது உரிந்து கெட்டியானால் தலையோடு ஒட்டாது, அடைப்பும் ஏ.என்.சி.யும் சேர்ந்தே பலம் இழக்கும். சத்தம் முன்போல் தடைபடவில்லை என்று புதிய ஹெட்ஃபோன் தேடுகிறவர்கள் பலருக்குத் தேவைப்படுவது சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு ஜோடி புதிய குஷன்தான். அதைப் பொருத்தக் கைவிரலும் ஐந்து நிமிடமும் போதும்.